ஒரு சுழற்கோப்பைய நேர்த்தியா டிசைன் பண்றது எப்படி? 25வது வருஷ வாலிபால் போட்டிக்காக கேட்டவருக்கு என் பதில்

கேள்விய என் வார்த்தைல ஒருதடவ சொல்லிடறேன், ஏன்னா இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. உங்க ஊர் வாலிபால் கிளப் பொங்கலுக்கு நடத்துற போட்டிக்கு இது 25வது வருஷம், அதுக்காக புதுசா ஒரு சுழற்கோப்பை செய்யப் போறீங்க, கடைல அடுக்கி வச்சிருக்குற கப் மாதிரி இருக்கக் கூடாது, பாத்தா எலிகண்டா இருக்கணும், ஏஐ-ல நாப்பது படம் எடுத்துப் பாத்தாச்சு, எல்லாமே நல்லாத்தான் இருக்கு ஆனா எதுவுமே மனசுக்கு ஒட்டல, எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. மேலோட்டமா இது எந்த வடிவம்னு கேக்குற கேள்வி. ஆனா நீங்க நிஜமா கேக்குறது, ஒரு பொருள பாத்த உடனே "அட, இது நேர்த்தியா இருக்கே"ன்னு தோண வைக்கிறது எது, அத நாமளா எப்படி கொண்டு வர்றது, இதுதான்னு நான் எடுத்துக்கறேன்.

என்னப் பத்தி சுருக்கமா: கோயம்புத்தூர் பக்கம் ஒரு பவுண்டரில மரத்துல பேட்டர்ன், அதாவது உலோகம் வார்க்க அச்சு எடுக்குற மாதிரி உருவம், செய்றவனா ஆரம்பிச்சேன், நடுவுல ப்ராடக்ட் டிசைன் படிச்சேன், இப்ப 20 வருஷத்துக்கு மேல கோப்பை, கேடயம், நினைவுப்பரிசு இதுதான் பொழப்பு. பித்தளை, வெண்கலம், அலுமினியம், மரம் இதெல்லாம் கைல தொட்டு பழகுனது, அதப் பத்தி தைரியமா சொல்வேன். கிறிஸ்டல், கண்ணாடி வேலை நான் செஞ்சதில்ல, அதனால அந்தப் பக்கம் போகப் போறதில்ல.

ஏஐ படம் ஏன் ஒட்டலன்னா, அதெல்லாம் மேஜை மேல வச்ச கோப்பையோட படம். கோப்பை மேஜைக்காக செய்றது கிடையாது. வருஷத்துல ஒரே ஒரு நாள், ஒரே ஒரு அரை நிமிஷம் ஒருத்தன் அத தலைக்கு மேல தூக்குவான், சுத்தி இருபது போன் படம் எடுக்கும், மிச்ச 364 நாளும் அது ஒரு அலமாரில தூசி படிஞ்சு நிக்கும். அந்த அரை நிமிஷத்துக்கு டிசைன் பண்ணுங்க. அதாவது கை எங்க பிடிக்கும், பிடிச்சா எது மறையும், கீழருந்து அண்ணாந்து பாத்தா என்ன தெரியும், இதுலருந்து ஆரம்பிங்க. நான் எந்த வேலை எடுத்தாலும் முதல்ல பேப்பர்ல ரெண்டு கையத்தான் வரைவேன், கோப்பை அப்புறந்தான்.

இதுக்கு எல்லாரும் பாத்த உதாரணம் கால்பந்து உலகக்கோப்பை. 1970-ல பிரேசில் மூணாவது தடவ ஜெயிச்சு பழைய ஜூல்ஸ் ரிமே கோப்பைய சொந்தமா எடுத்துக்கிட்டதும் புதுசு ஒண்ணு தேவைப்பட்டுச்சு, 53 டிசைன் வந்துச்சாம், தேர்வானது மிலான்காரர் சில்வியோ கட்சானிகா செஞ்சது. 1974-ல மேற்கு ஜெர்மனி கைலதான் முதல்ல போச்சு. அத கொஞ்சம் உத்துப் பாருங்க. கீழ பச்சை மாலகைட் கல்லுல ரெண்டு வளையம், அதுக்கு மேலருந்து கோடுங்க முறுக்கிக்கிட்டு ஏறி ரெண்டு மனுஷங்களா மாறி கை விரிச்சு உலகத்த தாங்குது. நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்குற இடம் இருக்கு பாருங்க, கை தானா அங்கதான் போகும். முத்தம் கொடுக்க மேல உருண்டை இருக்கு. தனியா பிடி, தனியா அலங்காரம்னு எதுவும் ஒட்ட வைக்கல, எல்லாம் ஒரே ஓட்டம். நேர்த்திங்குறதுக்கு எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் இதுதான், ஒரு எண்ணம், அது கீழருந்து மேல வரைக்கும் அறுபடாம போகணும்.

எடை விஷயத்துக்கும் அதே கோப்பைய வச்சு ஒரு கணக்கு சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. உயரம் 36.8 செமீ, எடை 6.175 கிலோ, 18 காரட் தங்கம். 18 காரட் தங்கம் ஒரு கன செமீ சுமாரா 15 கிராமுக்கு மேல வரும், அப்போ 6 கிலோ சொச்சம் தங்கத்தோட கன அளவு கிட்டத்தட்ட 400 கன செமீ, அதாவது ரெண்டு டம்ளர் தண்ணி அளவுதான். அந்த உருவம் முழுசும் ரெண்டு டம்ளர்ல அடங்குமா? அடங்காது. "கெட்டித் தங்கம்"னு எல்லா இடத்துலயும் எழுதுறாங்க, ஆனா நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் மார்ட்டின் பொலியகாஃப் கணக்குப் போட்டு, உள்ளயும் கெட்டியா இருந்தா 70, 80 கிலோ வரும், தூக்கவே முடியாது, உள்ள வெத்திடமாத்தான் இருக்கணும்னு சொன்னாரு. வார்ப்பு வேலை பாத்த யாரும் அவர் பக்கம்தான் நிப்பாங்க. உங்களுக்கு இதுல என்ன இருக்குன்னா, கம்ப்யூட்டர்ல வரையும்போது எடை தெரியாது. 10 செமீ விட்டத்துல ஒரு பித்தளை உருண்டை, கெட்டியா செஞ்சா கிட்டத்தட்ட நாலரை கிலோ. அதே உருண்டை அலுமினியத்துல 1.4 கிலோ, தேக்குல முந்நூத்தி சொச்சம் கிராம். படத்துல மூணும் ஒண்ணுதான், கைல மூணும் வேற. ரொம்ப லேசா இருந்தா தூக்குறவனுக்கு ஏமாத்தமா இருக்கும், இது ஏதோ விளம்பரப் பொருள் மாதிரி ஆகிடும். ரொம்ப கனமா இருந்தா தலைக்கு மேல போகாது, நெஞ்சோட நின்னுடும். பெரியவங்க ஆடுற போட்டிக்கு நாலுலருந்து ஆறு கிலோ, ஸ்கூல் பசங்களுக்கு ரெண்டரை மூணு, இது நான் பழக்கத்துல வச்சிருக்குற கணக்கு. ஐரோப்பா கால்பந்து கிளப்புங்க ஆடுற சாம்பியன்ஸ் லீக் கோப்பை 73.5 செமீ உயரம் இருந்தும் ஏழரை கிலோதான், அதுக்கு ரெண்டு பெரிய காது வேற இருக்கு, அது அலங்காரத்துக்கு இல்ல, அவ்ளோ பெரிய பாத்திரத்த ரெண்டு கையால தூக்கணும்ல.

உயரம்னாலே நம்ம ஊர்ல ஒரு வியாதி இருக்கு. நாலடிக் கோப்பை, அஞ்சடிக் கோப்பைன்னு போஸ்டர்ல போட்டு, மேடைல வச்சா பரிசு கொடுக்குற எம்எல்ஏவே அதுக்குப் பின்னாடி மறைஞ்சிடுவாரு. அடுக்கடுக்கா பிளாஸ்டிக் தூண், நடுவுல மணி மணியா, உச்சில ஒரு பொம்மை, இந்த மொத்த அடுக்கையும் உள்ள ஒரு த்ரெட் ராடு, அதாவது மரை வெட்டுன கம்பி, போட்டு அடில ஒரே ஒரு நட்டால இறுக்கியிருப்பாங்க. ரெண்டு தடவ வேன்ல போயிட்டு வந்தா நட்டு லூஸ் ஆகி கோப்பை தலையாட்டும். நீங்க என்ன டிசைன் பண்ணாலும் சரி, நடுவுல ராடு போகுதுன்னா ஸ்பிரிங் வாஷரும் லாக் நட்டும் போடச் சொல்லுங்க, ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டுக்குள்ள ரெண்டு மூணு மில்லியாவது உக்காந்து பொருந்தணும், சும்மா மேல மேல வச்சு இறுக்கக் கூடாது. இதுல எனக்கு சந்தேகமே கிடையாது, திரும்பி வர்ற கோப்பைல பாதிக்கு மேல இந்தக் கோளாறுதான். உயரம் அழகில்லன்னு புரிய கிரிக்கெட் ஆஷஸ் பாத்திரத்த நெனச்சுக்கோங்க, சுட்ட மண்ணுல செஞ்ச ஒரு குட்டி ஜாடி, சுமார் 11 செமீ, உள்ளங்கைல அடங்கிடும். ஒரிஜினல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்து மியூசியத்துலதான் இருக்கு, ஜெயிச்சாலும் கைல கொடுக்க மாட்டாங்க, இருந்தும் அதுக்காக இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அடிச்சுக்குது.

வெளிக்கோடுதான் எல்லாம். கோப்பைய கருப்புக் காகிதத்துல கத்தரிச்சு ஜன்னல்ல ஒட்டிப் பாருங்க, பத்தடி தள்ளி நின்னு பாத்தா இது எந்தக் கோப்பைன்னு தெரியணும். தெரியலன்னா உள்ள எவ்ளோ பூ வேலை பண்ணாலும் வேஸ்ட். இதுக்கு ரொம்ப தூரம் போக வேணாம், வீட்டுல இருக்குற குத்துவிளக்க பாருங்க. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு இருக்கே, அகலமான பாதம், மெல்லிசா ஏறுற தண்டு, நடுவுல அங்கங்க ஒரு கணு, தாமரை மாதிரி விரியுற அகல், மேல ஒரு கொண்டை. கழட்டி மாட்டுற மாதிரி துண்டு துண்டா மரை போட்டு செய்றாங்க, ஆனா பாத்தா ஒரே பொருளா நிக்கும். நான் புதுசா சேர்ற பசங்களுக்கு ஒரு வாரம் குத்துவிளக்கோட ஓரக்கோட்ட மட்டும்தான் வரைய வைப்பேன். எங்க அகலமாகுது, எங்க ஒடுங்குது, ரெண்டு வளைவுக்கு நடுவுல எவ்ளோ நேர்க்கோடு விடுறாங்க, இத கை பழகிட்டா கோப்பை தானா வரும்.

அளவு விகிதம்னு வந்தா எல்லாரும் கோல்டன் ரேஷியோம்பாங்க, ஒண்ணுக்கு 1.618-ங்குற விகிதம். அதப் போட்டா அழகு வந்துடும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, அதப் போட்டு அசிங்கமா வந்த கோப்பையும் நான் செஞ்சிருக்கேன். எனக்கு உதவுனது வேற. சுவாமிமலைல சிலை வார்க்குற ஸ்தபதிங்க தென்னை ஓலைய சிலையோட உயரத்துக்கு வெட்டி, அத மடிச்சு மடிச்சு அளவு எடுப்பாங்க, ஒடியோலைன்னு பேரு. முகம் இவ்ளோன்னா கழுத்து இவ்ளோ, மார்பு இவ்ளோன்னு எல்லாமே அந்த ஒரே ஓலையோட மடிப்புதான். அத அப்படியே எடுத்துக்கோங்க, ஒரு அளவு முடிவு பண்ணி மத்ததெல்லாம் அதோட பாதி, மடங்கு, மூணுல ஒண்ணுன்னு வச்சா, பாக்குறவங்களுக்கு காரணம் தெரியாது ஆனா ஒழுங்கு தெரியும். ஏன்னு கேட்டா என்கிட்ட நிரூபணம் கிடையாது, இது பழக்கம். ஆனா ஒண்ணு மட்டும் பழக்கம் இல்ல, இயற்பியல்: அடிப்பாகத்தோட அகலம் உயரத்துல மூணுல ஒரு பங்குக்குக் கீழ போனா சாயுற பயம் இருக்கு. உலகக்கோப்பையும் கிட்டத்தட்ட அதேதான், 36.8-க்கு 13 செமீ. மேல கனம்னா இன்னும் அகலம் வேணும், இல்லன்னா அடில இரும்புத் தட்டு ஒண்ணு மறைச்சு வைங்க. செஞ்சு முடிச்சதும் ஒரு பக்கம் 15 டிகிரி சாய்ச்சு விடுங்க, திரும்பி வந்து நிக்கணும்.

சரி, உங்க கோப்பைக்கு வரேன். வாலிபால்னதும் எல்லாரும் உச்சில ஒரு பந்து வைப்பாங்க, ரெண்டு பக்கம் இறக்கை வைப்பாங்க. தப்பில்ல, ஆனா அது ஏற்கனவே ஆயிரம் கடைல இருக்கு. விளையாட்டுப் பொருள அப்படியே வச்சும் ஜெயிச்சவங்க இருக்காங்க. அமெரிக்க ஃபுட்பால்ல லொம்பார்டி கோப்பை, 1966-ல டிஃபனி நகைக் கம்பெனி டிசைனர் ஆஸ்கர் ரீடனர் சாப்பாட்டு மேஜைலயே ஒரு நாப்கின்ல வரைஞ்சது, உதைக்க நிக்க வச்ச மாதிரி ஒரு பந்து, கீழ மூணு பக்கப் பீடம், அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல. நம்ம கிரிக்கெட் உலகக்கோப்பைல மூணு வெள்ளித் தூணு, ஸ்டம்பும் பெயிலும் மாதிரி, மேல தங்கக் கலர்ல உருண்டை, அதோட தையல் பூமி சாஞ்சிருக்குற மாதிரியே சாஞ்சிருக்கும், எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி தெரியும். ரெண்டுலயும் பந்து இருக்கு, ஆனா பந்து ஒரு வேலை செய்யுது. உங்களுக்கு நான் செஞ்சா பந்தே வைக்க மாட்டேன், பந்து உக்கார்ற இடத்த மட்டும் வைப்பேன். செட்டர், அதாவது அடிக்கிறவனுக்குப் பந்த தூக்கிக் கொடுக்குற ஆள், பந்த மேல ஏத்தும்போது ரெண்டு கையும் ஒரு கிண்ணம் மாதிரி விரியும்ல, அந்த வளைவுல ரெண்டு பித்தளைத் தகடு, தேக்குப் பீடத்துலருந்து கிளம்பி வெளிப்பக்கம் வளைஞ்சு மேல போகும், நடுவுல 21 செமீ வெத்திடம். வாலிபாலோட சுத்தளவு 65லருந்து 67 செமீ, விட்டம் கிட்டத்தட்ட 21, எடை முந்நூறு கிராம்கூட கிடையாது. ஃபைனல் ஆட வேண்டிய பந்த அந்த இடத்துல வச்சு மேடைல காட்டுங்க, ரெஃப்ரி வந்து அதுலருந்து எடுத்துட்டுப் போகட்டும், மேட்ச் முடிஞ்சு வெறும் கோப்பைய தூக்குனா தகடு ரெண்டும் அவன் கையோட நீட்சி மாதிரியே தெரியும். இது என் ரசனை, உங்களுக்குப் பிடிக்கலன்னா விட்டுடுங்க.

எடை கணக்கு போட்டுப் பாத்தேன். தகடு ஒவ்வொண்ணும் 40 செமீ நீளம், 9 செமீ அகலம், 3 மில்லி கனம்னா கிட்டத்தட்ட 900 கிராம், ரெண்டும் சேந்து 1.8 கிலோ. பீடம் 18 செமீ விட்டம் 10 செமீ உயரம் தேக்கு, ஒண்ணரை கிலோ சொச்சம். அடில 15 செமீல ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு இரும்பு வட்டம், 1.4 கிலோ. மொத்தம் அஞ்சு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, உயரம் 45 செமீக்கு உள்ள. தகட்டோட ஓரத்த கண்டிப்பா உருட்டச் சொல்லுங்க, வேர்த்த கையோட இருக்குறவன் குதிச்சுக்கிட்டே பிடிக்கிறது, கூர் ஓரம் இருந்தா கோப்பைல ரத்தம்தான் வரும். கீழ விழும்னும் நெனச்சே செய்ங்க. 2011-ல ரியல் மாட்ரிட் கால்பந்து டீம் ஸ்பெயின் கிங்ஸ் கப் ஜெயிச்சு பஸ் மேல ஊர்வலம் போகும்போது செர்ஹியோ ராமோஸ் கைலருந்து கோப்பை நழுவி அதே பஸ் சக்கரத்துல போய் மாட்டிக்கிச்சு, உங்க ஊர்ல டிராக்டர் ஊர்வலம் இருக்கும்னு நெனக்கறேன்.

இப்ப எழுத்து. இதுலதான் நம்மாளுங்க ரொம்ப ஏமாறுவாங்க. தமிழ் எழுத்து வளைவும் சுழியுமா இருக்குறதால இங்கிலீஷ் கேப்பிடல் எழுத்து அளவுக்கு சின்னதா வெட்ட முடியாது, 5 மில்லி உயரத்துக்குக் கீழ போகாதீங்க, அதுக்குக் கீழ போனா லேக்கர் (உலோகம் கருக்காம இருக்க அடிக்கிற தெளிவான பூச்சு) அடிக்கும்போது புள்ளி அடைஞ்சிடும். ஒரு பள்ளிக்கூட வேலைல என் பட்டறைலயே நடந்துச்சு, "கோப்பை"ல புள்ளி காணாம போய் "கோபபை"ன்னு மேடை ஏறிடுச்சு, கோபம் எனக்கு வந்ததா ஹெச்எம்முக்கு வந்ததான்னு கேக்காதீங்க. இன்னொண்ணு, லேசர் கடைல இருக்குற பழைய சாஃப்ட்வேர்ல யூனிகோட் தமிழ் போட்டா கொம்பும் காலும் இடம் மாறி உக்காரும். டைப் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, எழுத்த கர்வ்ஸா, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமா மாத்தி படமா கொடுங்க, தகடு வெட்றதுக்கு முன்னாடி பேப்பர்ல பிரிண்ட் எடுத்து உங்க ஊர் தமிழ் வாத்தியார் ஒருத்தர்கிட்ட காட்டுங்க.

சுழற்கோப்பைன்னா பேர் சேந்துக்கிட்டே போகும், இத டிசைன் பண்றப்பவே யோசிக்கணும். ஐஸ் ஹாக்கி ஸ்டான்லி கோப்பைல கீழ அஞ்சு பட்டை இருக்கு, ஒரு பட்டைல 13 டீம், நிறைஞ்சதும் ரொம்பப் பழைய பட்டைய கழட்டி ஹால் ஆஃப் ஃபேம்ங்குற ஹாக்கி மியூசியத்துல வச்சுட்டு புதுப் பட்டை போடுவாங்க. உங்க பீடம் சுத்தி வந்தா 56 செமீ சொச்சம், 5 செமீ அகலத் தகடு வரிசைக்கு பத்து, மூணு வரிசைல முப்பது பேர். ஆனா நீங்க கேள்வில ஒரு விஷயம் சொல்லவே இல்ல, ஏற்கனவே ஜெயிச்ச 24 டீமும் இதுல வரணுமா? வரணும்னா முப்பதுல 24 இப்பவே போச்சு, ஆறு வருஷத்துல இடம் தீந்துடும். கால்பந்து உலகக்கோப்பைல ஜெயிச்ச நாட்டுப் பேரெல்லாம் அடிப்பக்கம்தான் வெட்டியிருக்கும், அதே மாதிரி பழைய 24 பேரையும் அந்த இரும்பு வட்டத்துக்குக் கீழ ஒரு பித்தளைத் தகடுல வட்டமா வெட்டி வச்சுடுங்க. தலைக்கு மேல தூக்கும்போது கீழ நிக்கிறவங்களுக்கு அந்த அடிப்பக்கம்தான் தெரியும், ஆரம்ப வருஷங்கள்ல ஆடுன பெருசுங்க அண்ணாந்து பாத்து அவங்க டீம் பேர தேடுவாங்க. எழுத்து மட்டும் அங்க 7, 8 மில்லி வைங்க, மூணு வட்டமா போட்டா 24 பேரும் அடங்கும்.

பூச்சு பத்தி ரெண்டே வார்த்தை. தங்க முலாம் வேணாம், பித்தளைய பாலிஷ் பண்ணி லேக்கர் அடிச்சா போதும், அஞ்சாறு வருஷத்துக்கு ஒருதடவ லேக்கர கழட்டி மறுபடி அடிச்சுக்கலாம். முலாம் போட்ட ஒரு கோப்பைய, ஜெயிச்ச பையனோட அம்மா நல்ல மனசோட புளி போட்டு விளக்கு தேய்க்கிற மாதிரி தேய்ச்சு அனுப்பியிருந்தாங்க, பளபளன்னுதான் இருந்துச்சு, முலாம்தான் இல்ல. ஜெயிக்கிற டீம்கிட்ட கொடுக்கும்போது "துணியால மட்டும் துடைங்க"ன்னு அடில ஒரு வரி எழுதி வச்சுடுங்க. அடிக்கு ரப்பர் ஒட்டாம, வெட்டுன பேர் மறையாத மாதிரி ஓரத்துல மட்டும் கெட்டித் துணி ஒட்டுங்க, பின்னாடி எப்பயாச்சும் வெள்ளி வேலை சேத்தீங்கன்னா ரப்பர்ல இருக்குற கந்தகம் வெள்ளிய கருக்க வச்சிடும்.

செய்யக் கொடுக்குறதுக்கு முன்னாடி அட்டைல முழு அளவுக்கு ஒரு மாடல் செய்ங்க, பீடத்துக்குள்ள மூணு கிலோ அரிசியும் தகடு இருக்குற பக்கம் ரெண்டு கிலோவும் கட்டி வைங்க, உங்க டீம்லயே குள்ளமான ஆளக் கூப்பிட்டு தூக்கச் சொல்லி கீழருந்து போட்டோ எடுங்க. அந்த போட்டோல தகடு முகத்த மறைச்சா வளைவ இன்னும் வெளிப்பக்கம் தள்ளணும். பொங்கலுக்கு வேணும்னா கார்த்திகை பொறக்குறதுக்குள்ள ஆர்டர் கொடுத்துடுங்க, தை மாசம் பக்கத்துல வந்துட்டா எல்லாப் பட்டறைலயும் ஜல்லிக்கட்டு, கபடி வேலைதான் ஓடும், உங்க தகட்ட யாரும் நிதானமா வளைக்க மாட்டாங்க. போட்டோவ இங்கயே போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.